எழுத்துப் போடுவதற்குள்

10 ஜூலை 2025, வியாழன்

உரக்கடையில் போன வருஷம் இனாமாகக் கொடுத்த டைரி இது. என் மகள் சிந்து ஒரு பக்கம்கூட எழுதாமல் பரண் மேல் போட்டிருந்தாள். தேதி சரியாக வரும், கிழமைதான் தப்பு. அடித்துத் திருத்திக்கொள்கிறேன். டாக்டரம்மா பிரஷர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கிவிட்டு, "மனசுல எதையோ வெச்சு அழுத்தறீங்க. யார்கிட்டயாவது சொல்லுங்க, இல்லாட்டி எழுதியாவது வைங்க" என்றார். சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்ன எழுத? மாவு அரைத்தேன். கேஸ் இன்னும் இரண்டு நாள் வந்தால் பெரிது. நாளைக்குத் தியேட்டரில் புதுப்படம். மேனேஜர் குப்புராஜ் அண்ணன் போஸ்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நெசமா நடந்த கதையாம் தேவி. நம்ம பக்கந்தான். மில்லுக்காரர் புள்ள ஒண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து தூக்கிட்டுப் போய்ப் பதினோரு நாள் வெச்சிருந்தாங்களே, தொண்ணூத்தொம்பதுல. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

இல்லீங்களே என்றேன்.

படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. போஸ்டரில் ஒரு பள்ளிக்கூட கேட், கேட்டுக்கு வெளியே ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நீலமாக இருக்க வேண்டும். இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

11 ஜூலை, வெள்ளி

ஆறு வருஷம் முன்னால் சிந்துவின் அப்பா தவறிப்போன பிறகு வேறு வேலை எதுவும் அமையாமல்தான் இந்தப் பூங்கொடி டாக்கீஸுக்கு வந்தேன். வாசலில் டிக்கெட் கிழிப்பது, இருட்டில் டார்ச் அடித்து சீட் காட்டுவது, பொம்பளைகள் பக்கத்துக் கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. காலை, மதியம், சாயங்காலம், மூன்று ஆட்டம் என்னுடையது. ராத்திரி ஆட்டத்துக்கு வேறு ஆள்.

ஆறு வருஷத்தில் ஒரு படத்துக்கும் எழுத்துப் போடும்போது நான் உள்ளே நின்றதில்லை. "சினிமாக் கொட்டாயில வேல, எழுத்தக் கண்டா அலர்ஜி" என்று அண்ணன் கேலி செய்வார். இப்போது வருகிற ஜனங்கள் எழுத்துக்கெல்லாம் அவசரப்படுவதில்லை. பாப்கார்னை வாங்கிக்கொண்டு ஆடி அசைந்து வருகிறார்கள். எங்கள் காலத்தில் எழுத்துப் போடுவதற்குள் போய் உட்காராவிட்டால் படம் பார்த்த மாதிரியே இருக்காது. பேர் எல்லாம் வரிசையாக ஓடி, கடைசியில் டைரக்டர் பேர் வரும்போது விசில் பறக்கும். அதில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் அழுகை வரும்.

இன்று மூன்று ஆட்டமும் ஃபுல். இடைவேளைக்கு இருபது நிமிஷம் முன்னால் அந்த இடம் வருகிறது. பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது, கடைசிக் குழந்தை மட்டும் கேட்டில் நிற்கிறது. பக்கத்தில் ஆயா. ஒருத்தன் வந்து, "நான் பாப்பாவோட மாமா. தாத்தாவுக்கு உடம்பு முடியல, அம்மா கூட்டியாரச் சொன்னாங்க" என்கிறான். ஆயா குழந்தையை அனுப்பிவிட்டு, ஒரு கவரை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்கிறாள்.

அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! காலை ஆட்டத்தில் ஒருத்தர் தண்ணீர் பாட்டிலைத் திரையில் விட்டெறிந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். "அவளைக் கொளுத்துங்கடா" என்று பின்னால் இருந்து யாரோ. மதிய ஆட்டத்திலும் அப்படியே, சாயங்காலமும் அப்படியே.

மூன்றாவது ஆட்டத்தில் அந்த இடம் வருவதற்கு முன்பே நான் வெளியே போய்விட்டேன். கக்கூஸில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

12 ஜூலை, சனி

சிந்து தோழிகளோடு மதிய ஆட்டத்துக்கு வந்தாள். வராதே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்பாள். அவள் இங்கே நர்சரி ஸ்கூலில் எல்.கே.ஜி. டீச்சர். இருபத்திரண்டு வயது, வாய் மட்டும் ஐம்பது.

ராத்திரி வீட்டுக்கு வந்தால் அவள் முகம் சிவந்திருக்கிறது. தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்கிறாள்: "ஏம்மா, அந்த ஆயாவைக் கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ணலயாமே. ரெண்டு நாள் விசாரிச்சுட்டு உட்டுட்டாங்களாம். எங்கயோ நல்லா இருப்பா இப்ப. கல்யாணம் கட்டிப் புள்ள குட்டி பெத்திருப்பா."

"இருப்பா" என்றேன்.

"அந்தப் புள்ளைகளுக்குத் தெரியுமாம்மா, அவங்கம்மா யாருன்னு?"

தோசை தீய்கிறது பார் என்றேன்.

13 ஜூலை, ஞாயிறு

இன்று கவனித்தேன். ஜனங்கள் ஆயாவை மட்டும் திட்டவில்லை. அந்த இடத்தில் குழந்தை சாக்லேட்டை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடுகிறது. அதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். "சாக்லேட்டுன்னதும் எப்படி ஓடுது பாரு. இந்தக் குட்டிக்கு அறிவு வேண்டாம்?" என்று ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நல்ல மனுஷன், வெள்ளை வேட்டி, தன் பேத்தியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

குழந்தை சிரித்துக்கொண்டே போனது போலீஸ் ரெக்கார்டிலேயே இருக்கிறதாம். அதை வைத்துத்தான் படம் எடுத்ததாகத் தொடக்கத்தில் போடுகிறார்களாம். அண்ணன் சொன்னார்.

கேஸ் தீர்ந்துவிட்டது.

14 ஜூலை, திங்கள்

காலை ஆட்டம் விட்ட நேரம். யூடியூப்காரன் ஒருத்தன் மைக்கோடு வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் எல்லாரும் மைக்கைக் கண்டதும் நீதிபதி ஆகிவிட்டார்கள். ஒருத்தர் அழுதார். ஒரு பாட்டியம்மா, இனிமேல் பேரனை யாரையும் மாமா என்று கூப்பிட விடமாட்டேன் என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு கதவை ஒட்டி நின்றேன். அவன் விடவில்லை. "அக்கா, நீங்க தெனம் மூணு ஆட்டம் பாக்கறீங்க. அந்த ஆயாவைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்று மைக்கை வாய்க்கு நேராக நீட்டிவிட்டான். சுற்றிலும் ஐம்பது பேர். குப்புராஜ் அண்ணன் வேறு சிரித்துக்கொண்டே பார்க்கிறார்.

"தூக்குல போடோணுங்க" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நெருக்கத்தில் ஒரு குழந்தை படியில் தடுக்கி என் மேல் விழுந்தது. பிடித்துத் தூக்கி நிறுத்தி, பாத்துப் போ என்று அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். என்னைத்தான் நான் சொன்னேன்.

15 ஜூலை, செவ்வாய்

அந்த வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். சிந்து போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் குதிக்கிறாள். "எங்கம்மாடா" என்று எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். மாவுக்கடை அக்கா, "தேவி, வெளுத்து வாங்கிட்டே" என்கிறாள்.

அதே யூடியூப்காரன் இன்று இன்னொரு வீடியோ போட்டிருக்கிறான். அந்தப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா போட்டோ. ஓரத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "யார் இந்த ஆயா? இப்போது எங்கே?" முகம் புகை மூட்டமாகத்தான் இருக்கிறது. பாவாடை தாவணி, ரெட்டை ஜடை, ஐம்பது கிலோகூடத் தேறாது. இப்போது நான் எழுபத்தெட்டு கிலோ.

சிந்து அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பசிக்குதும்மா" என்றாள்.

16 ஜூலை, புதன்

ஊரே மாறிவிட்டது. தெருவில் யாராவது குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் தாய்மார் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார்கள். சிந்துவின் ஸ்கூலில் ஒரு குழந்தையைக் கூப்பிட அதன் சொந்தத் தாய்மாமன் வந்திருக்கிறார், ஈரோட்டிலிருந்து. "நான் மாமா" என்று அவர் சொன்னதும் கேட்டில் நின்ற நாலு பேர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்களாம். பாவம், பலகாரப் பை ரோட்டில் சிதறிப்போய்விட்டது.

"நாந்தாம்மா வெலக்கி உட்டேன்" என்றாள் சிந்து. "வேற ஒண்ணுமே பண்ணல. கொழந்தைகிட்டக் கேட்டேன், இவரு உனக்கு யாருன்னு. எங்க சதீசு மாமான்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். ஒரு நிமிசம் ஆகல. அந்த ஆயாவுக்கு அது தோணல பாரு. கொழந்தை வாயத் தொறந்து சொல்லுமில்ல?"

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். நல்லவேளை.

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் மாரியம்மன் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. விளக்குப் போட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

மதிய ஆட்டத்தில் ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். தனியாக வந்திருந்தாள். வசதியான வீட்டுப் பெண் என்பது செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. எச் வரிசை, ஓர சீட். டார்ச் அடித்துக் காட்டினேன். நன்றி சொல்லாமல் என் முகத்தையே பார்த்தாள். வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிட்டேன்.

அந்த இடம் வரப்போகும் நேரம் நான் வழக்கம்போல வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவு திறந்தது. அவளும் வெளியே வந்துவிட்டாள். வராந்தா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே ஜனங்கள் கத்துவது கேட்டது. சத்தம் அடங்கியதும் படி இறங்கிப் போய்விட்டாள். மீதிப் படம் பார்க்கவில்லை.

19 ஜூலை, சனி

மறுபடி வந்தாள். அதே சீட். அதே இடத்தில் எழுந்து வந்தாள். குழாயடியில் நான், வராந்தாவில் அவள். பத்தடி தூரம்.

அந்தக் குழந்தைக்கு இப்போது இந்த வயதுதான் இருக்கும்.

மதிய ஆட்டம் விட்டதும் ஒரு எட்டு வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். "பட்டப் பகல்ல எதுக்கும்மா பூட்டற?" என்றாள் சிந்து. கொசு என்றேன்.

20 ஜூலை, ஞாயிறு

விடிகாலையில் எழுதுகிறேன். சிந்து தூங்குகிறாள்.

நான் காசு வாங்கவில்லை. மாரியம்மன் சத்தியமாக ஒரு பைசா வாங்கவில்லை. படக்காரர்கள் இட்டுக்கட்டியது அது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. போலீஸ் ரெண்டு நாள் உட்கார வைத்தார்கள், கேட்டார்கள், சொன்னேன், விட்டுவிட்டார்கள். பதினோராம் நாள் குழந்தையைத் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து உயிரோடு மீட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ரெண்டு வருஷத்தில் எனக்குக் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்துவிட்டேன். மாமியார் பேரும் என் பேரும் ஒன்று. மாமியார் பேரை வாய்விட்டு யார் கூப்பிடுவது? அதனால் என்னைத் தேவி ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் எனக்குச் செய்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவர்களுக்கே தெரியாது.

அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை.

மறுபடி ராத்திரி எழுதுகிறேன். இன்று அண்ணனிடம் போய் நாலு நாள் லீவு கேட்டேன். "கூட்டம் நெரியற படத்துக்கு லீவா? ரெண்டு பேரு ஏற்கெனவே வல்ல. வியாழக்கெழமையோட படத்த எடுக்கறாங்க, அதுவரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இரு தேவி" என்றார்.

வேறு எதுவும் இல்லை என்று எழுதியது பொய்.

21 ஜூலை, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

மதிய ஆட்டத்துக்கு அறுபது பேர்கூட இல்லை. அவள் வந்தாள். எச் வரிசை. இன்று நான் அந்த இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே வெளியே வந்து, கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம்தான் அங்கே நிற்பது? வெளியே வந்தால் வாசலிலேயே நிற்கிறாள்.

"ஆயா" என்றாள்.

இந்த ஊரில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "யாருங்க? என்ற பேரு தேவிங்க" என்றேன்.

"படத்துல ஆயா அந்தக் கொழந்தையச் செல்லம்னு கூப்பிடறாங்க. என்னைய அப்படி யாரும் கூப்பிடல. பவுனுன்னுதான் கூப்பிட்டாங்க. அந்த வீடியோவுல கடைசியில ஒரு கொழந்தை உங்க மேல விழுந்துது. பாத்துப் போ பவுனுன்னு சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரு போட்டுக் காட்டினாரு. நாப்பது அம்பது தடவ கேட்டேன். வயசாயிருக்குது, கொரல் மாறல."

எங்கம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். கேட்டில் நின்ற அத்தனை குழந்தைகளையும் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். இருபத்தாறு வருஷமாக அந்த வார்த்தையை விட்டிருந்தேன். சிந்துவைக்கூடக் கூப்பிட்டதில்லை. தூக்கில் போடச் சொன்ன அதே மூச்சில் எப்படி வந்து விழுந்தது என்று தெரியவில்லை.

ஓடலாம் என்று பார்த்தேன். படிக்கும் எனக்கும் நடுவில் அவள்.

"யார்கிட்டயும் சொல்லலீங்க ஆயா. போலீசுக்கும் போகல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும்" என்றாள். "நான் சிரிச்சிட்டே போனேனா?"

நான் கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் கேக்கறாங்க. உனக்குத்தான் தாத்தாவே கெடையாதே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லன்னு. சண்ட வந்தாலும் அதுதான், சந்தோசமா இருந்தாலும் கடைசில அதுல வந்துதான் நிக்கும். நான் சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா ரெக்கார்டுல சிரிச்சிட்டே போச்சுன்னு எழுதியிருக்குது. ஆறு வயசு எனக்கு. சொன்னேனா, இல்ல சொன்ன மாதிரி நானே நெனச்சுக்கிட்டேனா? என்ற பொண்ணுக்கு அஞ்சு வயசாச்சுங்க ஆயா. இன்னும் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பல. கேட்டுக்கிட்ட போனாலே எனக்கு வேர்த்து ஊத்துது."

மிருதுளா. அவள் பேர் மிருதுளா. நான் மறக்கவில்லை.

அவர்கள் வீட்டில் அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி, அப்பாவைப் பெற்றவர் அப்பாரு. தாத்தா என்ற சொல்லே அந்த வீட்டில் புழங்காது. எங்கள் வீட்டிலும் புழங்காது. நிஜமான தாய்மாமனாக இருந்தால் "அப்புச்சிக்கு முடியல" என்றுதான் சொல்லியிருப்பான். அவன் தாத்தா என்றான். அதே மண்ணில் பிறந்த என் காதில் அது விழாமல் இருக்குமா? விழுந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை, அரைநாள் பள்ளிக்கூடம். எல்லாக் குழந்தைகளும் போய்விட்டன. மில் கார் வரும் வரை கடைசிக் குழந்தையோடு நிற்பது என் வேலை. கார் வரவில்லை. ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் டவுனுக்குப் போய் மேட்னிக்கு நேரத்தில் சேர முடியும். புதுப்படம். என் சித்தி மகள் டிக்கெட் எடுத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நிற்கிறாள். பஸ் வளைவில் ஹார்ன் அடிப்பது கேட்கிறது. அந்த நேரத்தில்தான் அவன் வந்து நின்றான்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். இந்த ஒழுங்கில் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாக உளறினேன். உள்ளே அந்த இடம் வந்துவிட்டது. அறுபது பேர்தான் என்றாலும் கத்தினார்கள். "நாசமாப் போவா" என்று ஒரு பெண் குரல் தனியாகக் கேட்டது.

"நீ சொன்னே பவுனு" என்றேன். "எனக்குத் தாத்தா இல்லீங் ஆயா, அப்புச்சிதான்னு சொன்னே. என்ற தாவணியப் புடிச்சுட்டு ரெண்டு தரம் சொன்னே. நாந்தான் கையத் தட்டி உட்டுட்டு, சும்மா போ பவுனு, மாமாதான்னு தள்ளி உட்டேன். நீ சிரிக்கல. சிரிச்சிட்டே போச்சுன்னு போலீசுல சொன்னது நான். அழுதுட்டே போச்சுன்னு சொன்னா, அப்புறம் ஏன் உட்டேன்னு கேப்பாங்கல்ல."

அவள் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுத்துப் போடறதுக்குள்ள போய்டோணும்னு..." என்றேன்.

"போனீங்களா?"

"இல்ல. பஸ்ஸு லேட்டு. எழுத்து முடிஞ்சுபோச்சு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பையைத் துழாவிப் போனை எடுத்தாள். விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். பிறகு, "அம்மா, நான் சொன்னேனாம்மா. ரெண்டு தடவ சொன்னேனாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஆறு வயதுக் குரலாக இருந்தது. "ஆமாம்மா, சொன்னேனாம். தாவணியப் புடிச்சுட்டுச் சொன்னேனாம்."

அந்தப் பக்கம் யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டும். மிருதுளா என்னைப் பார்த்தாள். போனை நீட்டினாள்.

வாங்காமல் இருந்திருக்கலாம். அவள் கட்டாயப்படுத்தவில்லை. வாங்கிக் காதில் வைத்தேன்.

"நான் தெய்வாத்தாளுங்க" என்றேன்.

அந்த அம்மா தினமும் கேட்டில் கார் கண்ணாடியை இறக்கி என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள்.

"ஏந் தெய்வாத்தா" என்றார்கள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

22 ஜூலை, செவ்வாய்

வேலைக்குப் போனேன். எச் வரிசை ஓர சீட்டில் யாரும் இல்லை. படியில் யார் காலடி கேட்டாலும் போலீஸ் என்று எட்டிப் பார்க்கிறேன்.

23 ஜூலை, புதன்

போலீஸ் வரவில்லை. யூடியூப்காரன்தான் வந்தான். அந்த ஆயாவைப் பற்றித் துப்பு ஏதாவது கிடைத்ததா என்று எல்லாரையும் போல என்னிடமும் கேட்டான். இல்லை என்றேன். மிருதுளா யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். சொல்லவும் மாட்டாள் என்று படுகிறது. இனி எனக்கு ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் நாளையோடு போஸ்டரைக் கிழித்துவிடுவார்கள். நாளை மறுநாள் ஏதோ பேய்ப்படமாம்.

சிந்து பள்ளிக்கூடத்துக்கு அடையாள அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று, யார் யார் கூப்பிட வரலாம் என்று. முப்பத்தெட்டு அட்டை. கை வலிக்கிறது என்றாள். நான் பாதி எழுதிக் கொடுத்தேன். அம்மா, அப்பா, அப்புச்சி, மாமா. ஒரு அட்டையில் மாமா என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. "மை தீந்துபோச்சா?" என்று வேறு பேனாவை நீட்டினாள். பேனாவில் மை இருந்தது.

இவளும் ஒருநாள், போனில் அந்த அம்மா கேட்ட அதே வார்த்தையைத்தான் கேட்பாள். இருபத்தாறு வருஷம் கழித்து, வேறு யாரிடமிருந்தோ தெரிந்துகொண்டு.

24 ஜூலை, வியாழன்

கடைசி நாள். சாயங்கால ஆட்டத்துக்குச் சிந்துவை வரச் சொன்னேன். "பாத்த படத்தையே மறுபடியுமா?" என்று சிணுங்கினாள். என்னோடு உட்கார்ந்து ஒரு படம்கூட நீ பார்த்ததில்லையே என்றேன். சரி என்றாள். குப்புராஜ் அண்ணனிடம் இன்றைக்கு ஒரு ஆட்டம் மட்டும் டார்ச்சை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, கேலி பண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

எச் வரிசையில் உட்கார்ந்தோம். எழுத்துப் போட்டார்கள். முழுக்கப் பார்த்தேன். உண்மைச் சம்பவம் என்று முதலில். பிறகு, காவல்துறை ஆவணங்களின் அடிப்படையில் என்று. பிறகு பேர்கள், ஒவ்வொன்றாக. சிந்து பாப்கார்னை என் பக்கம் நீட்டினாள், வேண்டாம் என்றேன்.

அந்த இடம் வந்தது. பச்சைக் கேட், கடைசிக் குழந்தை, ஆயா. கால் தானாக எழப் பார்த்தது. சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் தாத்தா என்றான். குழந்தை சிரித்துக்கொண்டே ஓடியது. கவர் ஜாக்கெட்டுக்குள் போனது. முன்னாலும் பின்னாலும் கத்த ஆரம்பித்தார்கள். சிந்துவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"பவுனு" என்று கூப்பிட்டேன்.

புதிதாக இருந்ததால் திரும்பிப் பார்த்தாள்.

"அது நாந்தான்" என்றேன்.

அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?" என்று காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். முடி ஷாம்பு வாசனை அடித்தது. ஒன்றுமில்லை என்று இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு தரம் சொன்னேன்.